29-ம் 31-ம்: டர்பனில் புதிர்ப் பெட்டி தேடுகிறவர்களுக்குச் சில எண் பாடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் அட்சரேகை தெற்கே 29 டிகிரிச் சொச்சம், தீர்க்கரேகை கிழக்கே 31 டிகிரிச் சொச்சம். நாங்கள் இருக்கும் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் தீர்க்கரேகை இன்னும் குறைந்து 30 டிகிரி 53 நிமிடமாகிவிடும். இரண்டு எண்களும் இப்படி ஒட்டி நிற்பது, ஜியோகேச்சிங் என்ற பெட்டி தேடும் விளையாட்டின் புதிர்களை அவிழ்க்கத் தொடங்கும் எவருக்கும் பெரிய சோதனை. சென்னையில் 13-ம் 80-ம் இடம் மாறினால் பார்த்த உடனே தெரிந்துவிடும். இங்கே 29-ம் 31-ம் இடம் மாறினால் ஒன்றும் தெரியாது. தெற்கு 31.02, கிழக்கு 29.86 என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். டர்பனிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தள்ளி, ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் பிசானாவுக்குத் தெற்கே, பொண்டோலாந்தின் குன்றுகளுக்குள் அந்தப் புள்ளி விழும்.

தெற்கைக் குறிக்கும் கழித்தல் குறியை விட்டுவிட்டாலோ நேரே எகிப்துதான். டர்பன் நகர மண்டபத்தின் எண்களை அப்படியே வடக்கே புரட்டினால், சக்காராவின் படிப் பிரமிடுக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்குள், பாலைவன மணலில் போய் நிற்கும். கெய்ரோவும் டர்பனும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் ஊர்கள் என்பதை இந்த விளையாட்டில் இறங்கிய பிறகுதான் என் மகள் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். பள்ளியில் புவியியல் வகுப்பில் கேட்டும் மனத்தில் ஏறாத செய்தி, ஒரு குறி விடுபட்டதில் ஏறிவிட்டது.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சிறு பெட்டி ஒன்றை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோ கைப்பேசியோ கொண்டு தேடிப் போய், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகைகளை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே 2 அன்று அதை நிறுத்தியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் முதல் பெட்டியை மறைத்து வைத்தார். இதில் ஒரு வகைதான் புதிர்ப் பெட்டி. வெளியிடப்படும் புள்ளி உண்மையான இடமாக இருக்காது. புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். உண்மையான இடம் வழக்கமாக அந்தப் போலிப் புள்ளியிலிருந்து 3.2 கிலோமீட்டருக்குள் இருக்கும். இந்த 3.2-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆள் கையில் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியது மகள். புதிர்கள் அவளுக்குக் கடினமாக இல்லை. குறுக்கெழுத்து, மறைகுறி, படத்துக்குள் ஒளிந்த எழுத்து எல்லாவற்றையும் விடுவித்துவிடுவாள். விடையாகக் கையில் வரும் எண்களை எந்த முறையில் படிப்பது என்ற இடத்தில்தான் அவளும் தோழிகளும் திணறினார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

டர்பன் நகர மண்டபத்தை ஒட்டிய ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாக எழுதலாம். டிகிரியை மட்டும் வைத்து, புள்ளிக்குப் பின் நீளமாக எழுதினால் தெற்கு 29.85833, கிழக்கு 31.02567. கைப்பேசி வரைபடங்கள் தருவது இந்த வடிவம். டிகிரி, நிமிடம், வினாடி என்று பிரித்தால் தெற்கு 29° 51′ 30″, கிழக்கு 31° 01′ 32.4″. பழைய நில வரைபடங்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் காண்பது இது. டிகிரியோடு நிமிடத்தை எழுதி, நிமிடத்தையே மூன்று தசம இடங்களுக்குக் கொண்டுபோனால் தெற்கு 29° 51.500, கிழக்கு 031° 01.540. ஜியோகேச்சிங்கில் நடப்பில் இருப்பது இந்த மூன்றாவது வடிவம். புதிரில் வேறு குறிப்பு இல்லையென்றால் இதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களோடு தேட வந்த நண்பர் ஒருவர் 29° 51.500 என்பதைக் கைப்பேசியில் 29.51500 என்று அடித்தார். வரைபடம் எங்களை வெருலம் ஊரையும் தாண்டி வடக்கே, 38 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப் பார்த்தது. இவ்வளவு தூரம் தவறினால் நல்லதுதான், உடனே சந்தேகம் வந்துவிடும். அதே 51.500-ஐ 51 நிமிடம் 50 வினாடி என்று படித்தால் தவறு 600 மீட்டர் சொச்சம்தான். அதே நகரம், அதே தெருக்கள், நம்பும்படியான ஒரு பூங்காவோ பாலமோ எதிரே இருக்கும். தேடித் தேடிக் களைத்து, பெட்டி தொலைந்துபோயிற்று என்று பதிவிட்டுவிட்டு வீடு திரும்புவோம். நான் அஞ்சுவது இந்தச் சிறிய தவறைத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர் என் மாமனார். கைப்பேசியில் வரைபடம் பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை. ஆனால் கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஜாதகம் கணித்துத் தருகிறவர். ஒரு ராசிக்கு 30 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்ற கணக்கு அவர் விரல் நுனியில் இருக்கிறது. பிறந்த ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இல்லாமல் லக்னம் போட முடியாது. தெற்கு என்பதை மறந்து வடக்காக வைத்துக் கணித்தால் லக்னமே வேறாகிவிடலாம் என்று எச்சரிப்பார். பேத்தி காட்டிய எண்ணைப் பார்த்ததும், "புள்ளிக்கு முன்னால் அறுபதின் கணக்கு, புள்ளிக்குப் பின்னால் பத்தின் கணக்கு. இரண்டையும் கலக்காதே அம்மா" என்றார். 51.500 என்பதை "ஐம்பத்தொன்றரை" என்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். அரை நிமிடம் எத்தனை வினாடி என்று கேட்டால் குழந்தைகூட முப்பது என்று சொல்லும். ஐம்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாற்றுக் கணக்கைத் தாளில்தான் போடுகிறோம். தசம டிகிரியிலிருந்து நிமிடம் வேண்டுமென்றால் முழு டிகிரியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை 60-ஆல் பெருக்க வேண்டும்: 0.85833 பெருக்கல் 60 என்றால் 51.4998, அதாவது 51.500. வினாடியைத் தசம நிமிடமாக்க 60-ஆல் வகுக்க வேண்டும்: 30-ஐ வகுத்தால் 0.5, எனவே 51.500. இதற்கென்று செயலிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செயலிக்கு நாம் எந்த வடிவத்தில் கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது. கையால் ஒருமுறை போட்டவருக்கு விடை எந்தப் பக்கம் வரவேண்டும் என்ற உணர்வு வந்துவிடும்.

எவ்வளவு இடம் என்ற உணர்வும் வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், தசமத்தின் மூன்றாம் இடத்தில் ஒன்று கூடினால் இரண்டு மீட்டருக்கும் குறைவு. தீர்க்கரேகை துருவங்களை நோக்கிப் போகப்போக நெருங்கும் என்பதால் டர்பனில் ஒரு நிமிடம் சுமார் 1.6 கிலோமீட்டர்தான். ஒரு வினாடி என்றால் வடக்கு தெற்காக 31 மீட்டர். எனவே வினாடியில் தசமம் இல்லாமல் முழு எண்ணாக முடியும் விடையை வைத்துக்கொண்டு பெட்டியைத் தேடினால் ஒரு வீட்டு மனை அகலத்துக்குத் துழாவ வேண்டியிருக்கும். நல்ல புதிர்க்காரர் அப்படி விடமாட்டார். அப்படி வந்தால் நாம் ஏதோ ஓர் இலக்கத்தை விட்டிருக்கிறோம் என்று பொருள்.

இனி இலக்கங்களை எண்ணும் விஷயம். புதிரை விடுவித்ததும் புள்ளியும் குறியும் இல்லாத எண் வரிசை கிடைக்கும்போது முதலில் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள். பதினைந்து வந்தால் மகிழ்ச்சி: 29, 51, 500, 031, 01, 540 என்று சேர்த்தால் சரியாகப் பதினைந்து. பதினான்கு வந்தால் தீர்க்கரேகையின் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டிருக்கலாம். அல்லது 29.85833, 31.02567 என்ற தசம டிகிரி வடிவமாக இருக்கலாம். அதிலும் ஏழும் ஏழும் பதினான்குதான். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டர்பன்காரர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர் தசம டிகிரியில் 29.7-இலிருந்து 29.9 சொச்சம் வரை பரவியிருக்கிறது. நிமிடத்தில் 42-இலிருந்து 59 வரை. ஆகவே மூன்றாவது இலக்கம் 7, 8, 9 என்று வந்தால் அது நிமிடமாக இருக்கவே முடியாது, ஏனென்றால் நிமிடம் 60-ஐத் தொடாது. 4 அல்லது 5 என்று வந்தால் நிமிடம். அட்சரேகையின் மூன்றாவது இலக்கம் ஒன்றே வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. தீர்க்கரேகையை வைத்து இதைச் செய்ய முடியாது, 31.02 என்றாலும் 31° 01′ என்றாலும் மூன்றாவது இலக்கம் பூஜ்யம்தான்.

ஆறு இலக்கங்கள் மட்டும் கிடைத்தால்? புதிர்ப் பக்கத்தில் தெற்கு 29° 51.கசட, கிழக்கு 031° 01.தபற என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். தசம இலக்கங்கள் மட்டுமே கேள்வி என்றால் டிகிரியும் நிமிடமும் போலிப் புள்ளியிலிருந்தே கிடைக்கும். அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் 3.2 கிலோமீட்டர் நமக்குத் துணை. அது அட்சரேகையில் இப்பக்கமும் அப்பக்கமும் 1.7 நிமிடம், தீர்க்கரேகையில் 2 நிமிடம். முழு நிமிடம் நான்கைந்து எண்களுக்குள் அடங்கிவிடும். விடை அந்த வட்டத்துக்கு வெளியே போனால் புதிரைக் குறை சொல்வதற்கு முன் வடிவத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரீயா மேட்டுப் பகுதியில் தேடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 31-ஆவது தீர்க்கரேகை அந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது. தெருவின் ஒரு முனையில் கிழக்கு 030° 59.9, மறு முனையில் 031° 00.1 என்று இருக்கலாம். போலிப் புள்ளி கோட்டுக்கு ஒரு பக்கமும் உண்மைப் புள்ளி மறுபக்கமும் விழுந்தால் டிகிரியும் மாறும், நிமிடமும் 59-இலிருந்து 00-க்குத் தாவும். அங்கே 00 என்ற இரண்டு பூஜ்யங்களையும் எழுதியே ஆக வேண்டும்.

பூஜ்யம் என்றதும் மகள் தன் அத்தை பிள்ளைகளுக்காகத் தானே அமைத்த ஒரு புதிர் நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ் எண்களை வைத்து எண்களை எழுதினாள். ௨௰௯ என்றால் 29, ௫௰௧ என்றால் 51. பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் ௰, ௱, ௲ என்று தனிக் குறிகள் இருந்ததால் பூஜ்யத்துக்குத் தேவையே இல்லை. அழகான முறை. ஆனால் 51.046 என்ற அட்சரேகையில் தசமப் பகுதியை எழுதும்போது ௪௰௬ என்றுதான் வருகிறது. முன்னால் உள்ள பூஜ்யத்தைச் சொல்ல வழியில்லை. படிக்கிறவர் 51.46 என்று எடுத்துக்கொண்டால் முக்கால் கிலோமீட்டர் விலகிப் போவார். மாமனார் முதலில் அந்தத் தாளைப் பார்த்தபோதே இதைச் சுட்டிக்காட்டினார். பிறகு அவள் தசமப் பகுதியை மட்டும் ௦௪௬ என்று இடமதிப்பு முறையில் எழுதினாள். தமிழ் எண்களை அலங்காரமாக மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகள் அன்று அவற்றை வைத்து வழி தேடினார்கள். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

விடை இரண்டு எண்களாக, ஒன்று ஆறு இலக்கமும் மற்றது ஏழு இலக்கமுமாக வந்தால் அது யுடிஎம் எனப்படும் மீட்டர் கணக்கு. நகர மண்டபப் புள்ளியே இதில் 36 ஜே மண்டலம், 309300, 6695300 என்று வரும். நூறு மீட்டருக்கு முழுமையாக்கி எழுதியிருக்கிறேன். முதல் எண் கிழக்குத் தொலைவு, இரண்டாவது வடக்குத் தொலைவு. தென்கோளத்தில் நில நடுக்கோட்டுக்கு ஒரு கோடி மீட்டர் என்று வைத்து, அதிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். மாற்றும் செயலியில் தென்கோளம் என்று தேர்ந்தெடுக்காவிட்டால் இதே எண்கள் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வடமேற்கே காட்டில் கொண்டுபோய் விடும். டிகிரியில் திசையை விட்டால் எகிப்து, மீட்டரில் திசையை விட்டால் ரஷ்யா. இந்த இரண்டு இடங்களும் திரையில் தோன்றினால் என்ன விடுபட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தென்னாப்பிரிக்காவுக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. இதைச் சொல்லித் தந்தவர் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணா. இங்குள்ள நில அளவைப் படங்களில் 'எல்ஓ' என்று ஒரு எண் இருக்கும். இரண்டு டிகிரி அகலப் பட்டைகளாக நாட்டைப் பிரித்து, நடுவில் வரும் ஒற்றைப்படைத் தீர்க்கரேகையை அடிப்படையாக வைப்பது அந்த முறை. டர்பனுக்கு எல்ஓ 31. இதில் ஒய் என்ற எண் மேற்கே போனால் கூடும், எக்ஸ் தெற்கே போனால் கூடும்! பள்ளியில் படித்த வரைபடத்தாளுக்கு இது நேர்மாறு. நகர மண்டபம் 31-ஆவது கோட்டுக்குக் கிழக்கே இருப்பதால் ஒய் ஏறத்தாழ கழித்தல் 2500 மீட்டர். எக்ஸ் 33 லட்சம் மீட்டருக்குச் சற்று மேல். சாட்ஸ்வொர்த்தில் ஒய் கூட்டலாகிவிடும். புதிரில் ஒரு சிறு எண்ணும் 33 லட்சத்தை ஒட்டிய பெரிய எண்ணும் சேர்ந்து வந்தால், அமைத்தவர் இந்த முறையைக் கையாண்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

அதே அண்ணா வீட்டில் பழைய 1:50,000 அளவு வரைபடங்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன. டர்பன் தாளின் எண் 2931சிசி. முதல் இரண்டு இலக்கம் அட்சரேகை, அடுத்த இரண்டு தீர்க்கரேகை. அந்த ஒரு டிகிரிச் சதுரத்தை நான்காக வெட்டி, வெட்டியதை மறுபடி நான்காக வெட்டினால் கிடைக்கும் தென்மேற்கு மூலையின் தென்மேற்கு மூலைதான் சிசி. தாளின் எண்ணைப் பார்த்ததுமே தெற்கு 29° 45′ முதல் 30° வரை, கிழக்கு 31° முதல் 31° 15′ வரை என்று சொல்லிவிடலாம். எனக்கு இது மிகவும் பிடித்த முறை. இடத்தின் பெயரே முகவரியாக இருக்கிறது. ஆனால் பழைய தாளிலிருந்து எண்களை நேரடியாக எடுக்கும்போது கவனம் தேவை. 1999-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் இந்த நாட்டில் அட்சரேகை தீர்க்கரேகையை அளக்கக் கேப் டேட்டம் என்ற பழைய அடிப்படை இருந்தது. அதன்பின் வந்தது, ஜோஹன்னஸ்பர்க் அருகே உள்ள ஹார்டிபீஸ்ட்ஹூக் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தை ஆதாரமாகக் கொண்ட ஹார்டிபீஸ்ட்ஹூக் 94. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-உடன் ஒத்துப்போவது இந்தப் புதியதுதான். பழையதில் எடுத்த புள்ளி பல பத்து மீட்டர் தள்ளி விழும்.

தசமத்துக்கு இந்த நாட்டில் காற்புள்ளி போடும் வழக்கம் இருப்பதையும் மறக்கக் கூடாது. பள்ளிக் கணிதப் புத்தகத்தில் 29,8583 என்றுதான் இருக்கும். கணினி விரிதாளும் நாட்டு அமைப்பு தென்னாப்பிரிக்கா என்றிருந்தால் அப்படியே செய்யும். இரண்டு எண்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வரைபடச் செயலியில் இதை ஒட்டினால் நான்கு எண்களாகத் தெரியும். ஒட்டுவதற்கு முன் எல்லாக் காற்புள்ளிகளையும் புள்ளிகளாக மாற்றிவிட்டு, இரண்டு எண்களுக்கும் நடுவில் மட்டும் ஒன்றை விட்டு வையுங்கள். எந்த எண் முதலில் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான வரைபடங்கள் அட்சரேகையை முதலில் கேட்கும். வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் கேஎம்எல் போன்ற கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். சென்னைக்காரர் தப்பித்துக்கொள்வார், நாம் பொண்டோலாந்துக்குப் போவோம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இங்கே தவறான புள்ளி வெறும் கால்வலியோடு முடியாது. தனியார் கரும்புத் தோட்டத்துக்குள்ளோ, ஆளரவமற்ற ஓடைக்கரைக்கோ, பாதுகாப்பில்லாத சந்துக்கோ அது நம்மை அழைத்துப் போகலாம். எனவே விடை கிடைத்ததும் செருப்பை மாட்டாதீர்கள். பல புதிர்களில் விடையைச் சரிபார்க்கும் வசதி இணைத்திருப்பார்கள். அதில் முதலில் போட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாலை நடுவிலோ, ஒருவர் வீட்டுக் கூரையிலோ, துறைமுகத் தண்ணீரிலோ விழுந்தால் அது விடை அன்று. பெட்டிகள் ஒன்றுக்கொன்று 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் வேறு பெட்டி இருந்தால் அதையும் வைத்து விடையைச் சோதிக்கலாம். சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் மாதிரி மரங்கள் அடர்ந்த இடங்களுக்கு நாங்கள் கூட்டமாகத்தான் போகிறோம், அதுவும் பகலில், பெரியவர் ஒருவரோடு.

புதிதாக வருகிறவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த இடத்தின் எண்களை மூன்று வடிவத்திலும் எடுத்து, ஒரு தாளில் எழுதி, புதிர்க் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் யுடிஎம்மையும் கீழே சேருங்கள். எந்தப் புதிரின் விடை வந்தாலும் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் மகள் ஐந்தாவதாக ஒரு வரியைத் தமிழ் எண்களில் எழுதியிருக்கிறாள். அது உங்களுக்குக் கட்டாயமில்லை. கிழக்கு 030 என்பதன் முன் நிற்கும் பூஜ்யம் மட்டும் கட்டாயம்.